மல்டிமீட்டர் காட்டும் வெப்பநிலை சரிதானா? தெர்மோகப்பிளைச் சோதிக்கும் முறை

மல்டிமீட்டரில் கே வகை தெர்மோகப்பிளை (வெப்பநிலை பார்க்கச் செருகும் இரட்டைக் கம்பி) மாட்டி மேசைமேல் வைத்தால் 31 டிகிரி காட்டுகிறது. சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரிலும் 31. பலரும் சோதனையை இதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தெர்மோகப்பிளை பிளஸ்-மைனஸ் மாற்றிச் செருகியிருந்தாலும் அதே 31தான் வரும். கே வகைக்குப் பதில் ஜே வகைக் கம்பியை மாட்டியிருந்தாலும் 31தான். கம்பி நடுவழியில் நசுங்கி ஷார்ட் ஆகியிருந்தாலும் 31தான். விலை மலிவான சில மீட்டர்கள் தெர்மோகப்பிளே செருகாதபோதும் அறை வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆக, அறையில் சரியாகக் காட்டியது என்பதால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

தெர்மோகப்பிள் வெப்பநிலையை அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். கே வகையில் குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கலவைக் கம்பிகள். அவை ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட நுனி சூடுமுனை. மீட்டரின் சாக்கெட்டில் அவை செப்பையோ பித்தளையையோ தொடும் இடம் குளிர்முனை. வித்தியாசம் ஒரு டிகிரி என்றால் கிடைப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட். சாக்கெட் என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்பதை மீட்டர் தனக்குள்ளே இருக்கும் ஒரு சிறு சென்சாரால் அளந்து, அதைத் தெர்மோகப்பிள் தந்த வித்தியாசத்தோடு சேர்த்துத் திரையில் காட்டுகிறது. அறையில் இரண்டு முனையும் ஒரே சூட்டில் இருப்பதால் தெர்மோகப்பிள் தருவது பூஜ்யம். நீங்கள் பார்த்த 31 முழுக்க முழுக்க மீட்டரின் உள் சென்சார் சொன்ன கணக்கு.

எனவே சோதனையில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்: உள் சென்சார், மீட்டரின் மில்லிவோல்ட் அளவீடு, தெர்மோகப்பிள் கம்பி. மூன்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்துவிட்டு, 3 டிகிரி தவறு என்று மீட்டரைத் திறந்து ட்ரிம்மரை (உள்ளே அளவீட்டைத் திருத்தும் சிறு திருகு) திருகுகிறவர்கள்தான் அதிகம். (இந்தக் கட்டுரை முழுவதும் டிகிரி என்றால் செல்சியஸ்.)

எவ்வளவு பிசகினால் தவறு?

மீட்டரின் கையேட்டில் வெப்பநிலைத் துல்லியம் "±(1% + 10 டிஜிட்)" என்பதுபோல் போட்டிருக்கும். டிஜிட் என்பது திரையின் கடைசி இலக்கத்தில் ஒரு படி. 0.1 டிகிரி வரை காட்டும் மீட்டரில் 10 டிஜிட் என்றால் 1.0 டிகிரி. அப்படியானால் 100 டிகிரியில் 1 + 1, அதாவது ±2 டிகிரி. முழு டிகிரி மட்டும் காட்டும் மீட்டரில் 3 டிஜிட் என்று போட்டிருந்தாலே அது 3 டிகிரி. டிஜிட் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று பார்த்து மயங்க வேண்டாம்.

அதே வரியின் கீழே சிறிய எழுத்தில் "தெர்மோகப்பிளின் பிழை சேராமல்" என்று இருக்கும். கம்பிக்கென்று தனிக் கணக்கு உண்டு. ஐ.இ.சி. (மின்கருவிகளுக்கான சர்வதேசத் தர அமைப்பு) 60584 தரத்தின்படி கே வகையில் முதல் வகுப்புக்கு ±1.5 டிகிரி அல்லது 0.4 சதவீதம், இரண்டாம் வகுப்புக்கு ±2.5 டிகிரி அல்லது 0.75 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அது. மீட்டரோடு இலவசமாக வரும் கம்பியை இரண்டாம் வகுப்பாக எடுத்துக்கொள்வதே பத்திரம். ஆக, கொதிநீரில் மீட்டர் 97 காட்டினாலும் 103 காட்டினாலும் இரண்டுமே விற்றவர் கொடுத்த வாக்குக்குள்தான் இருக்கின்றன.

இன்னொன்று நம் ஊர் வெயில் சம்பந்தப்பட்டது. பெரும்பாலான மீட்டர்களின் துல்லியம் 18 முதல் 28 டிகிரி அறைக்குத்தான் சொல்லப்பட்டிருக்கும். அதற்கு வெளியே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சொன்ன பிழையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. சித்திரை மாதத் தகரக் கூரைப் பட்டறையில் 38 டிகிரி என்றால், பத்து டிகிரி வெளியே. பிழை வரம்பு இரட்டிப்பாகிவிட்டது. சோதனையை அதிகாலையிலோ ஏ.சி. அறையிலோ செய்யுங்கள்.

முதலில் தெர்மோகப்பிளைக் கழற்றி வையுங்கள்

மீட்டரைச் சோதனை நடக்கப்போகும் மேசையில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். சட்டைப் பையிலிருந்தோ வண்டியின் டேங்க் பையிலிருந்தோ எடுத்த சூட்டோடு எதையும் பார்க்காதீர்கள். மின்விசிறிக் காற்று நேராக மீட்டர்மேல் படக்கூடாது. செல் புதிதாக இருக்கட்டும்.

இப்போது வெப்பநிலை ரேஞ்சில் வைத்து, தெர்மோகப்பிள் செருகும் இரண்டு சாக்கெட்டுகளையும் ஒரு செப்புக் கம்பித் துண்டால் ஷார்ட் செய்யுங்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் பூஜ்யம். எனவே திரையில் தெரிவது உள் சென்சார் அளந்த வெப்பநிலை மட்டுமே. பக்கத்திலேயே அரை மணி கிடந்த நல்ல தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் நன்று. 2 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்த 2 டிகிரி எல்லா ரீடிங்கிலும் ஒட்டிக்கொண்டே வரும். குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்சார் சாக்கெட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். தரமான மீட்டரில் அது சாக்கெட்டோடு ஒட்டியிருக்கும். மலிவானவற்றில் போர்டின் வேறு மூலையில் ஒரு டையோடாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தெர்மோகப்பிளை ஐஸில் வைத்துக்கொண்டு, பிளக்கை இரண்டு நிமிடம் விரல்களால் பொத்திப் பிடியுங்கள். சாக்கெட் 35-க்கு ஏறி, சென்சார் 30-லேயே நின்றால், திரையில் 0 என்பது மைனஸ் 5-ஐ நோக்கிச் சரியும். இப்படிச் சரியும் மீட்டரை அடுப்போரம் கையில் பிடித்துக்கொண்டு அளப்பதில் அர்த்தமில்லை. கீழே வைத்துவிட்டு, நீளமான கம்பியோடு அளக்க வேண்டும்.

பிளஸ் மைனஸ், கம்பி நிறம், காந்தம்

தெர்மோகப்பிளைச் செருகி நுனியை விரலால் பிடியுங்கள். ரீடிங் ஏற வேண்டும். இறங்கினால் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். நிறத்தை நம்பிக் குழம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆம், சிவப்புதான் மைனஸ். எலக்ட்ரீஷியனின் பழக்கத்துக்கு நேர் எதிர். ஐ.இ.சி. முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நிறமே தெரியாத பழைய கம்பி என்றால் சின்னக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். கே வகையில் அலுமெல் லேசாக ஒட்டும், அதுதான் மைனஸ், குரோமெல் ஒட்டாது. ஒரு கம்பி இரும்புபோல் பலமாக ஒட்டினால் அது ஜே வகையாக இருக்கலாம். அதில் இரும்புக் கம்பிதான் பிளஸ்.

கம்பி நீளம் போதவில்லை என்று சாதாரண செப்பு ஒயரை முறுக்கிச் சேர்ப்பது மிகப் பழைய தவறு. சேர்த்த இடமே அப்போது குளிர்முனை ஆகிவிடும், மீட்டருக்கு அது தெரியாது. சேர்த்த இடம் 45 டிகிரியிலும் மீட்டர் 30-லும் இருந்தால் ரீடிங் 15 டிகிரி குறைவாக வரும். நீட்ட வேண்டுமென்றால் கே வகை எக்ஸ்டென்ஷன் கம்பிதான். அதிலும் இரண்டு பக்கமும் துருவம் மாறிப்போனால் ரீடிங் சரியான திசையில்தான் ஏறும். ஆனால் இரண்டு இணைப்புகளின் வெப்பநிலை வித்தியாசத்தைப்போல் இரு மடங்கு தவறு உள்ளே ஒளிந்திருக்கும். விரல் சோதனையில் இது சிக்காது.

ஐஸ்

வீட்டில் செய்யக்கூடியதில் மிகவும் நம்பகமான சோதனை இது. ஒழுங்காகச் செய்தால் 0.1 டிகிரிக்குள் பூஜ்யம் கிடைக்கும். ஒழுங்கில்லாமல் செய்தால் 3, 4 டிகிரி வரை தவறும், பழி மீட்டர்மேல் விழும்.

தம்ளரில் தண்ணீர் ஊற்றி நான்கு ஐஸ் கட்டி மிதக்கவிடுவது ஐஸ் சோதனை அல்ல. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். நுனி அடியில் இருந்தால் 3, 4 என்று காட்டும், அது உண்மையும்கூட. வேண்டியது தண்ணீரில் மிதக்கும் ஐஸ் அல்ல, இடுக்குகளில் மட்டும் தண்ணீர் நிற்கும் ஐஸ்.

வாய் அகன்ற அரை லிட்டர் பிளாஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் கேன் தண்ணீரில் உறையவைத்த ஐஸ் போதும். அதில் இருக்கும் உப்பால் வரும் மாற்றம் நூறில் சில பங்கு டிகிரிதான். இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் உறையவையுங்கள். மீன் கடை ஐஸ் பார் வேண்டாம். உப்புப் பட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஐஸைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டியோ மிக்ஸியில் ஒரு சுற்று விட்டோ கொண்டைக்கடலை அளவுக்கு நொறுக்குங்கள். பிளாஸ்க் நிறைய அதைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரை இடுக்குகள் நிறையும் வரை ஊற்றி, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். ஐஸ் அடிவரை இருக்க வேண்டும், மேலே மட்டும் அல்ல. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் மைனஸ் 18-ஐ ஒட்டி இருக்கும். வெள்ளையாக, உலர்ந்து இருந்தால் இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று பொருள். ஓரம் நனைந்து கண்ணாடிபோல் தெரியத் தொடங்கும் வரை, சுமார் பத்து நிமிடம், கிளறிவிட்டுக் காத்திருங்கள்.

தெர்மோகப்பிள் நுனியை அப்படியே தண்ணீரில் விடாதீர்கள். நுனி உருண்டை நனைவதால் பெரிய தீங்கில்லை. கண்ணாடி இழை உறை தண்ணீரை உறிஞ்சி, இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒரு பலவீனமான பேட்டரிபோல் ஆகிவிடும். மைக்ரோவோல்ட் கணக்கில் அதுவே பல டிகிரி. உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை நுனிமேல் 10 சென்டிமீட்டர் ஏற்றிச் சுருக்கி, நுனிப் பக்கத்தைச் சூட்டோடு நசுக்கி மூடிவிடுங்கள். இதே உறை கொதிநீருக்கும் தாங்கும்.

நுனியை ஒரு மெல்லிய குச்சியில் கட்டி, ஐஸின் நடுவில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்துங்கள். சுவரையோ அடியையோ தொடக்கூடாது. எஃகு உறைக்குள் தெர்மோகப்பிள் இருக்கும் ப்ரோப் என்றால் அதன் விட்டத்தைப்போல் 15 மடங்காவது மூழ்க வேண்டும். 3 மில்லிமீட்டர் ப்ரோப்புக்கு 45 மில்லிமீட்டர். குறைவாக மூழ்கினால் உறை வழியாக அறைச் சூடு இறங்கி நுனியைச் சூடாக்கும். ஆழத்தை இன்னும் 2 சென்டிமீட்டர் கூட்டிப் பாருங்கள்: ரீடிங் மாறினால் முன்பு ஆழம் போதவில்லை.

ரீடிங் நிலைத்தபின் நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து முறை குறித்துச் சராசரி எடுங்கள்.

கொதிநீர்

நூறு டிகிரி என்பது கடல்மட்டத்தின் அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு உரியது. மேலே போகப் போகக் கொதிநிலை இறங்கும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. சென்னையிலோ கொழும்பிலோ 100-ஐ ஒட்டி இருக்கும். கோவையில் 98.6, பெங்களூரில் 97, ஊட்டியில் 92.5 அளவில்தான் தண்ணீர் கொதிக்கும். ஊட்டியில் இருந்துகொண்டு மீட்டர் 7 டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அன்றைய அழுத்தம் தெரிந்தால் இன்னும் சரியாகக் கணக்கிடலாம்: 1013-இலிருந்து குறையும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் 0.028 டிகிரி கழிக்க வேண்டும். 965 என்றால் 48 × 0.028, அதாவது 1.3 டிகிரி குறைந்து 98.7. அழுத்தம் 900-க்குக் கீழே போகும் மலைப்பகுதிகளில் இந்த நேர்க்கணக்கு பிசகும், அட்டவணை பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செயலிகளும் செய்திகளும் சொல்வது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். பெங்களூரிலும் அது 1010 என்றுதான் சொல்லும். நமக்கு வேண்டியது நிற்கும் இடத்தின் உண்மை அழுத்தம். பாரோமீட்டர் சென்சார் உள்ள போனில் அது கிடைக்கும்.

ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஓரத்தில் குமிழ் விடுவது போதாது. நுனி அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். அடித்தகடு தண்ணீரைவிடச் சூடு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் சொந்த எடையாலேயே கொதிநிலை கால் டிகிரி கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இதைத் தவிர்க்க நினைத்தால் பாத்திரத்தைத் தளர்வாக மூடி, நுனியை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, திரண்ட நீராவியில் வைக்கலாம். நீராவி ஒரே வெப்பநிலையில் நிற்கும். மூடியில்லாமல் செய்தால் காற்று கலந்து ரீடிங் அலையும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் இதைச் செய்யாதீர்கள். அதன் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டி, ரீடிங்கைக் குதிக்கவைக்கும். வேறு வழியில்லை என்றால் ரீடிங் எடுக்கும் நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் மீட்டரும் பிளக்கும் ஆவியும் சூடும் படாத தூரத்தில் இருக்கட்டும். கொதிநீரில் செய்யும் சோதனைகளில் பாதி கெட்டுப்போவது பிளக்மேல் அடிக்கும் அனலால்தான்.

நடுவில் ஒரு புள்ளி: காய்ச்சல் தெர்மாமீட்டர்

வீட்டில் இருக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் மலிவான பொருளாகத் தோன்றும். ஆனால் 36-லிருந்து 41 டிகிரி வரை அது ±0.1 டிகிரிக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பொருளுக்கே உரிய எதிர்பார்ப்பு. உங்கள் கையில் இருக்கும் அளவுகோல்களில் ஐஸுக்கு அடுத்த துல்லியம் அதற்குத்தான். பிளாஸ்கில் 39 டிகிரி அளவில் வெந்நீர் எடுத்து நன்றாகக் கலக்கி, இரண்டு நுனிகளையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி முக்குங்கள். இவ்வகைத் தெர்மாமீட்டர் எட்டிய உச்சத்தைத்தான் பிடித்துவைக்கும், இறங்காது. எனவே பீப் அடித்த உடனே மீட்டரின் ரீடிங்கைக் குறியுங்கள். ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 32 கழித்து 1.8-ஆல் வகுக்கவும்: 102.2 என்றால் 39.0. தண்ணீர் 42-ஐத் தாண்டக்கூடாது.

மூன்று எண்களையும் சேர்த்துப் படிப்பது

ஐஸ், 39, கொதிநீர் மூன்றிலும் ஒரே அளவு பிசகு, உதாரணமாக எல்லாவற்றிலும் 2 கூடுதல் என்றால், குற்றவாளி உள் சென்சார். செப்புக் கம்பிச் சோதனையிலும் அதே 2 தெரிந்திருக்கும்.

அறை வெப்பநிலையில் சரி, ஐஸில் கூடுதல், கொதிநீரில் குறைவு, அதாவது எல்லாமே அறையை நோக்கி இழுக்கப்பட்டால், நுனி போதிய ஆழம் மூழ்கவில்லை, அல்லது உறை பிய்ந்து கம்பிகள் நுனிக்கு முன்னாலேயே தொட்டுக்கொள்கின்றன. தெர்மோகப்பிள் எங்கே தொட்டாலும் அந்த இடத்தையே சூடுமுனையாக எடுத்துக்கொள்ளும். ஐஸிலும் கொதிநீரிலும் இரண்டிலுமே 30 காட்டினால் ஷார்ட் பாத்திரத்துக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, அறையில் 30 சரி, ஐஸில் மைனஸ் 8.5, கொதிநீரில் 120 என்று வந்தால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள்; அது ஜே வகைக் கம்பி. ஜே ஒரு டிகிரிக்கு 50 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் தரும், அதைக் கே என்று நினைத்து மீட்டர் படிக்கிறது. ஐஸில் 60-ஐ ஒட்டிக் காட்டினால் துருவம் மாறியிருக்கிறது.

ஐஸும் 39-ம் சரியாக வந்து கொதிநீர் மட்டும் உதைத்தால், மறுபடி கொதிநீர்ச் சோதனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டரை மட்டும் தனியே பிடிக்க

பிசகு கம்பியிலா மீட்டரிலா என்று தெரிய எளிய வழி, அதே கம்பியை இன்னொரு மீட்டரில் செருகுவது. இரண்டாவது மீட்டர் இல்லாதபோது மில்லிவோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். 1.5 வோல்ட் பென் டார்ச் செல், 10 கிலோ ஓம், 27 ஓம் ரெசிஸ்டர்கள். இரண்டையும் வரிசையாக இணைத்து, 27 ஓமின் இரு முனையிலிருந்து எடுத்தால் சுமார் 4 மில்லிவோல்ட் கிடைக்கும். இணைப்புகள் எல்லாம் செப்புக் கம்பியில். சரியான மின்னழுத்தத்தை 0.01 மில்லிவோல்ட் வரை காட்டும் இன்னொரு மீட்டரால் அதே நேரத்தில் அளக்க வேண்டும், 0.1 மட்டும் காட்டும் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் பயன்படாது, ஒரு எண் மாறினாலே இரண்டரை டிகிரி.

கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள். செப்புக் கம்பிச் சோதனையில் மீட்டர் 30.0 காட்டியது, கொடுத்த மின்னழுத்தம் 4.000 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4.000 என்பது கே வகைக்கான மில்லிவோல்ட்-டிகிரி அட்டவணையில் 97.7 டிகிரி; அதோடு 30 கூட்டி 127.7 என்று எதிர்பார்த்தால் தவறு. வெப்பநிலைகளைக் கூட்டக்கூடாது, மில்லிவோல்ட்டைக் கூட்ட வேண்டும். 30 டிகிரிக்குக் கே அட்டவணையில் 1.203. அதோடு 4.000 சேர்த்தால் 5.203. அட்டவணையில் அதற்குரியது 126.9 டிகிரி. மீட்டர் அதைத்தான் காட்ட வேண்டும். இந்த வேலைக்கு அடிக்கடி தேவைப்படும் எண்கள்: 20 டிகிரிக்கு 0.798, 25-க்கு 1.000, 35-க்கு 1.407, 50-க்கு 2.023, 100-க்கு 4.096, 200-க்கு 8.138, 300-க்கு 12.209 மில்லிவோல்ட்.

இன்ஸ்ட்ருமென்ட் கடைகளில் இருக்கும் தெர்மோகப்பிள் காலிப்ரேட்டர் (தெர்மோகப்பிளுக்குப் பதில் மின்னழுத்தத்தை அனுப்பும் சோதனைக் கருவி) இரவல் கிடைத்தால் வேலை சுலபம். கே வகையில் டிகிரியை வைத்து அனுப்பினால் இடையில் கே கம்பி போட வேண்டும். மில்லிவோல்ட்டாக அனுப்பினால் செப்பு. இதை மாற்றிச் செய்துவிட்டு மீட்டரைக் குறை கூறுவது வழக்கமாக நடக்கிறது.

200 டிகிரிக்கு மேல்

ஓவன், உலை, சால்டரிங் வேலைக்காரர்களுக்கு 100 வரையிலான சோதனை போதாது. சுத்தமான வெள்ளீயம் 231.9 டிகிரியில் உறையும். 2 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள, அடி மூடிய ஸ்டெயின்லெஸ் குழாயில் 150 கிராம் உருக்கினால் 6 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வரும். எஃகு உறையிட்ட 3 மில்லிமீட்டர் ப்ரோப்பை மட்டுமே இறக்குங்கள். திறந்த நுனியை விட்டால் அது வெள்ளீயத்தோடு கலந்து கெடும். 250 வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை ரீடிங் எழுதுங்கள். 232-க்குக் கீழே சில டிகிரி வழுக்கிப் போகும், பயப்பட வேண்டாம். உறையத் தொடங்கியதும் மேலே ஏறி ஒரே இடத்தில் சற்று நேரம் நிற்கும். அந்தச் சமதளம்தான் உங்கள் எண். வெள்ளீயம் கிடைக்காவிட்டால் 63/37 சால்டர் பார் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183-ல் நிற்கும். 60/40 வேண்டாம், அது 183-க்கும் 190-க்கும் இடையே இழுத்துக்கொண்டே உறையும். காரீயம் இல்லாத சால்டர் பலவும் அப்படித்தான். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது, வெடித்துத் தெறிக்கும். ஐஸ் சோதனையில் நனைந்த ப்ரோப்பை நன்றாக உலர்த்திய பிறகே இறக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் வேண்டும்.

அதிகச் சூட்டில் உழைத்த பழைய ப்ரோப்பில் வேறொரு நோய் உண்டு. மின்னழுத்தம் உருவாவது நுனியில் அல்ல, கம்பியில் சூடு மாறும் பகுதி முழுவதும். 250 முதல் 550 டிகிரிக்குள் நாட்கணக்கில் இருந்த குரோமெல்லின் உட்கட்டமைப்பு மாறிப்போகும். உலையின் ஒரே ஆழத்தில் இருந்தவரை அது சரியாகவே காட்டும், வெளியே எடுத்து வேறு ஆழத்தில் வைத்தால் பிசகும். இதைப் பார்க்க நுனியை ஐஸிலேயே வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் கம்பியின்மீது ஹாட் ஏர் கன்னை மெதுவாக நகர்த்துங்கள். நல்ல கம்பியில் பூஜ்யம் அசையாது. ஓரிடத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குதித்தால் அந்தக் கம்பியை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. சூடாக்கும்போது உறையின் தாங்குதிறனைப் பாருங்கள்: பி.வி.சி. 100-ஐ ஒட்டி, டெஃப்லான் 260, கண்ணாடி இழை 450-க்கு மேலும். இணைப்பு பிளாஸ்டிக் அதற்கெல்லாம் முன்பே உருகிவிடும்.

திருத்தம்

மீட்டரைத் திறந்து ட்ரிம்மரைத் தொடாதீர்கள். மலிவான மீட்டர்களில் ஒரே ட்ரிம்மர் ஒட்டுமொத்த அளவீட்டுக்கும் அடிப்படை மின்னழுத்தத்தை மாற்றும். வெப்பநிலையைச் சரிசெய்யப் போய் வோல்ட் ரேஞ்சைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

காகிதத்தில் திருத்துங்கள். கோவையில் ஐஸில் 1.4, கொதிநீரில் 98.0 காட்டியது, உண்மையில் 0 மற்றும் 98.6 என்றால்: ரீடிங்கிலிருந்து 1.4 கழித்து 98.6 ÷ 96.6, அதாவது 1.0207-ஆல் பெருக்குங்கள். 60 காட்டினால் 58.6 × 1.0207 = 59.8. 39 டிகிரிச் சோதனையின் எண்ணை இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அரை டிகிரிக்குள் பொருந்தினால் சூத்திரம் செல்லும். 0-க்கும் 100-க்கும் இடையே எடுத்த திருத்தத்தை 400-க்கு நீட்டக்கூடாது. தணிக்கைக்குக் காட்ட வேண்டிய அளவீடு என்றால் இந்தக் காகிதம் செல்லாது, என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் மீட்டரையும் ப்ரோப்பையும் சேர்த்தே கொடுத்துச் சான்று வாங்குங்கள்.

திருத்தத்தை மீட்டரின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டும்போது தேதி, அன்றைய அறை வெப்பநிலை, எந்த ப்ரோப் என்ற மூன்றையும் எழுதுங்கள். அதே எண்ணை ப்ரோப்பின் பிளக்கிலும் எழுதி வையுங்கள். இரண்டில் ஒன்று மாறினால் திருத்தம் செல்லாது. செல் மாற்றியபோதும், மீட்டர் கீழே விழுந்தபோதும், ப்ரோப் 500 டிகிரியைத் தாண்டியபோதும் ஐஸ் சோதனையை மட்டும் மறுபடி செய்தால் போதும். அது பழைய எண்ணிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால்தான் மற்றவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.